உயிரசை, எடுப்பசை, விட்டிசை: ஸ்பானிய வினைவடிவங்களுக்கான சொற்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஸ்பானிய வினைவடிவங்களை விளக்க "அசை" என்ற சொல்லே போதும் என்று எழுதியிருந்தீர்கள். மொழியியல் நூல்களில் "syllable" என்பதற்கு அச்சொல் வழங்குவது உண்மைதான். ஆயினும் யாப்புப் பயின்றவரை அது தவறான கணக்கில் கொண்டுபோய் நிறுத்தும் என அஞ்சுகிறேன். தெர்-மி-னோ என்பதை ஸ்பானியர் மூன்றாகப் பிரிப்பர். நாம் யாப்பின்படி அசை பிரித்து அலகிட்டால் "தெர்" நேர், "மினோ" நிரை என இரண்டே அசையில் கூவிளமாக முடிந்துவிடுகிறது.

இது வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அன்று. முதல் துண்டை உரத்து ஒலித்தால் அச்சொல் "கலைச்சொல்" என்றும் பொருள்படும் பெயர்ச்சொல். நடுத்துண்டை உரத்து ஒலித்தால் "முடிக்கிறேன்". கடைசித் துண்டை உரத்து ஒலித்தால் "முடித்தார்". தன்மை நிகழ்காலத்தையும் படர்க்கை இறந்தகாலத்தையும் வேறுபடுத்தும் இரு துண்டுகளும் நம் கணக்கில் ஒரே நிரைக்குள் அடங்கி மறைந்துவிடுகின்றன.

ஆகவே, ஓர் உயிரை மையமாகக் கொண்ட துண்டு என்ற பொருளில் "உயிரசை" என்பதை முன்மொழிகிறேன். விசாரித்து அறிகிறேன் எனப் பொருள்படும் அ-வெ-ரி-குஒ என்பதன் கடைசித் துண்டில் இரண்டு உயிர்கள் உள்ளனவே என்று கேட்கலாம். "அகர இகரம் ஐகாரம் ஆகும்" என்ற தொல்காப்பியத்தின் வழியில், சேர்ந்தொலிக்கும் இரண்டை ஒன்றாக எண்ணுவது நமக்குப் புதிதன்று. அதைக் கூட்டுயிர் எனலாம். தொடர்கிறேன் என்னும் கொன்-தி-னு-ஒ என்பதிலோ, உகரம் உரத்து ஒலிக்கப்படுவதால் அது ஒகரத்தோடு சேராமல் தனித்து நிற்கிறது. இதற்கு யாப்பிலுள்ள "விட்டிசை" என்ற சொல்லே அழகாகப் பொருந்துகிறது.

இவ்வாறு உரத்து ஒலிப்பதை "அழுத்தம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அழுத்தச் சொன்னால் தமிழ் மாணவர் மெய்யை இரட்டித்துவிடுகிறார். நன்னூல் ஒலிப்பு வேறுபாடுகளை "எடுத்தல் படுத்தல் நலிதல்" என்கிறது; எடுத்தல் என்பது குரலை உயர்த்தி ஒலிப்பது. ஆகவே உரத்து ஒலிக்கும் துண்டை "எடுப்பசை" என்போம். இசையில் எடுப்பு என்பது பல்லவியைக் குறித்தாலும், அசையோடு சேர்ந்து வரும்போது மயக்கம் வாராது.

ஒன்று மட்டும் முடிவாக வேண்டும். "சிரித்தார்" எனப் பொருள்படும் ரிஒ என்பதைப் பலர் ரி-ஒ என இரண்டாக ஒலித்தாலும், ஸ்பானிய அரச கழகத்தின் 2010ஆம் ஆண்டு எழுத்துமுறை அதை ஒரே துண்டாகக் கொண்டு எடுப்புக்குறியின்றி (உயிரின்மேல் இடும் சாய்கோடு இன்றி) எழுதச் சொல்கிறது. உயிரசைக்கான நம் வரையறையில் ஒலிப்பையே அடிப்படையாகக் கொண்டு, எழுத்துமுறைக் கணக்கைத் தனிக்குறிப்பாகத் தரலாம் என்பது என் கருத்து. தங்கள் மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.