நீங்களே வைத்த கீபோர்டு ஷார்ட்கட் காலை வாரிய அனுபவம் உண்டா?

கணக்குத்தாள்
எக்செலில் நான் வைத்த ஒரு ஷார்ட்கட்டால், என்னுடன் வேலை பார்ப்பவரின் அரைநாள் உழைப்பு போனது. இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது நெடுவரிசை காலியாக இருக்கும் வரிகளை நீக்க ஒரு மேக்ரோ (எக்செலுக்குள் ஓடும் சின்ன நிரல்) எழுதி, கன்ட்ரோல்+டி கொடுத்தேன். டெலிட்டுக்கு டி. நான் மவுஸால் இழுத்தே நிரப்புகிறவன், அந்தக் கீ ஏற்கெனவே மேல் செல்லில் உள்ளதைக் கீழே நிரப்பும் என்பது தெரியாது. அவருக்கோ அது விரலிலேயே ஊறியது. என் ஃபைலும் திறந்திருக்க, தன் ஃபைலில் மூன்றாவது நெடுவரிசையை நிரப்பத்தான் அழுத்தியிருக்கிறார். நிரப்ப வேண்டிய வரிகள் எல்லாம் காணாமல் போயின. உடனே கன்ட்ரோல்+இசட். மறுபடி. மறுபடி. மேக்ரோ ஓடிவிட்டால் அன்டூ வரலாறே அழிந்துவிடும். அவர் விரல் மட்டும் நிற்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது. அவர் கடைசியாக சேவ் செய்தது காலையில்.

படமேசை
போட்டோஷாப்பில் பல வருடமாக என் சொந்த கீ செட். கம்ப்யூட்டர் மாறியபோது அந்த செட்டின் ஃபைலை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. சரி, திரும்ப வைத்துவிடலாம் என்று தாளை எடுத்தேன். நான்கு கட்டளைக்கு மேல் எழுத வரவில்லை. கீ எல்லாம் விரலுக்குத்தான் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி, வெறும் மேசையில் கையை வைத்து, ஒரு படத்தைத் திருத்துவதாக நினைத்து விரல்களை அசைத்தேன். எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டு கட்டளை இன்றுவரை கிடைக்கவில்லை.

நிரல்வரி
கணக்குத்தாள், மேக்ரோவைக் குறை சொல்லாதீர்கள். ஷார்ட்கட் பெட்டியில் ஷிஃப்டோடு அடித்திருந்தால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி ஆகியிருக்கும், அவர் வேலை பிழைத்திருக்கும். என் கதை சின்னது: லிப்ரெஆபிஸில் ஒரு கீ வைத்தேன், கடிதம் எழுதும் ரைட்டரில் வேலை செய்தது, கணக்குப் போடும் கால்க்கில் செய்யவில்லை. கஸ்டமைஸ் பெட்டியின் மேலே 'லிப்ரெஆபிஸ்', 'ரைட்டர்' என இரண்டு தேர்வு உண்டு, நான் இருந்தது ரைட்டரில். அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் இதைச் செய்யுங்கள். ஒரு கீயைக் கொடுக்கும் முன் அது யாருடையது என்று பாருங்கள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் போனால் கீழே கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். புதுக் கீயை அங்கே அழுத்தினாலே, இப்போது அது எந்தக் கட்டளைக்கு இருக்கிறது என்று காட்டிவிடும். வேறு இடம் சொல்லாவிட்டால் மாற்றங்கள் நார்மல் டெம்ப்ளேட்டில் போய்ச் சேரும், அந்த ஃபைலை நகல் எடுங்கள். நிரல் எழுதும் விஎஸ் கோடில் கன்ட்ரோல்+கே, அப்புறம் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும், தேடல் பெட்டியில் கீயையே தேடலாம். லிப்ரெஆபிஸில் அதே கஸ்டமைஸ் பெட்டியில் சேவ் பட்டன் இருக்கிறது. படமேசை, உங்களுக்கும் ஒரே ஒரு நகல் போதுமாக இருந்திருக்கும்.

கணக்குத்தாள்
ஷிஃப்ட் விஷயம் இப்போது எனக்கும் தெரியும். நீங்கள் சொல்லும் அந்த 'யாருடைய கீ' என்ற வரி எக்செலின் மேக்ரோ பெட்டியில் கிடையாது. கேட்காமலே பழைய கட்டளையின் மேல் ஏறி உட்காரும், அந்த ஃபைல் திறந்திருக்கும்வரை இறங்காது. வேர்டில் இருக்கும் ஒரு வரி இங்கேயும் இருந்திருந்தால் நான் டி-யைத் தொட்டிருக்க மாட்டேன்.

வெட்டுமேசை
எனக்கு நடந்தது வேறு மாதிரி. வீடியோ எடிட்டரில் வெட்டுவதற்கு எஃப்9 வைத்தேன். அமைப்பில் சரியாகக் காட்டுகிறது, அழுத்தினால் ஒன்றும் இல்லை. எடிட்டரை அழித்து இரண்டு முறை நிறுவினேன். நான்கு நாள் போயிற்று.

பின்னணியில் ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது எஃப்9-ஐ சிஸ்டம் முழுவதற்குமாகத் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கிறது, அதனால் கீ எடிட்டர்வரை வந்து சேரவே இல்லை. ஹார்ட் டிஸ்க் நிரம்புகிறதே என்று தேடியபோதுதான் ஒரு ஃபோல்டரில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடியோக்கள் கிடைத்தன. ஒன்றைத் திறந்தேன். நான் ஷார்ட்கட் அமைப்பைத் திறந்து, எஃப்9 சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்து, மூடுகிறேன். அடுத்ததிலும் அதேதான்.