ஆர்வி ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஏறி எறங்கி ஓடுது, ஏசி போட்டா நின்னுடுது, யாராவது சொல்லுங்களேன்

கரூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கங்க. நாங்க டெக்சாஸ்ல ஆஸ்டின் பக்கம் இருக்கோம். போன மாசம் ஒரு பழைய ஆர்வி (உள்ளயே தங்கி சமைச்சு தூங்கற வீட்டு வண்டி) வாங்கினோம், 2011 மாடல், கிளாஸ் சி (வேன் மேல வீடு கட்டின டைப்), 29 அடி, பெட்ரோல் வண்டி. வித்தவர் வயசானவருங்க, வீட்டம்மா போனதுக்கப்பறம் மூணு வருசமா வண்டிய எடுக்கவே மனசு வரலைன்னு சொன்னார், கொட்டகையிலயே நின்னிருக்கு. எஞ்சின், பிரேக், டயர் எல்லாம் ஆள் வச்சு பாத்துட்டோம், நல்லாருக்கு. பிரச்சனை வண்டிக்குள்ள இருக்கற ஜெனரேட்டர்தான். 4000 வாட், பெட்ரோல், தனி டேங்க் கெடையாது, வண்டி டேங்க்லேந்தே எடுத்துக்கும். மீட்டர்ல 212 மணிநேரம்தான் ஓடியிருக்குன்னு காட்டுது, அதப் பாத்துட்டு புதுசு மாதிரி இருக்குன்னு சந்தோசப்பட்டது நாந்தான்.

ஸ்டார்ட் பண்ணா ஏழெட்டு தடவ சுத்தி புடிக்குது. புடிச்சதும் ஊம்ம்ம்னு ஏறுது, பொத்துனு எறங்குது, மறுபடி ஏறுது, ஒரு சீரா நிக்கவே மாட்டேங்குது. பிளக் பாயிண்ட்ல சொருகற மீட்டர் ஒண்ணு வாங்கி பாத்தேன், வோல்ட் 104லேந்து 128 வரைக்கும் ஆடுது, ஹெர்ட்ஸ் 53, 65னு குதிக்குது (இங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்ல நிக்கணும்). மேல இருக்கற ஏசிய போட்ட ஒடனே ரெண்டு இருமல், அவ்ளோதான், ஆஃப். பிளக் புதுசு மாத்திட்டேன், ஏர் ஃபில்டர் மாத்திட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லீங்க.

மார்ச்ல பசங்களுக்கு லீவு, பிக் பெண்ட் நேஷனல் பார்க் போறோம். அங்க நாங்க எடம் புடிச்சிருக்கற ரியோ கிராண்ட் வில்லேஜ் கேம்ப்கிரவுண்ட்ல கரண்ட் கனெக்சன் இல்ல, ஜெனரேட்டர் ஓடியே ஆகணும். கடைல கேட்டா பாக்கறதுக்கே மூணு வாரம் கழிச்சுதான் நேரம் குடுக்கறாங்க. எங்கப்பா கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறைல இருந்தவரு, ஸ்பேனர் புடிக்க எனக்கு பயமில்ல. எங்க ஆரம்பிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க.

ஹூஸ்டன்_மாப்ள:
அக்கா மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, டேங்க்ல பெட்ரோல் எவ்ளோ இருக்கு? கால் டேங்க்குக்கு கீழ போனா ஜெனரேட்டருக்கு பெட்ரோல் ஒழுங்கா கெடைக்காது. அதோட உறிஞ்சற குழாய் வேணும்னே கொஞ்சம் மேலயே நிக்கற மாதிரி வச்சிருப்பாங்க, ராத்திரி பூரா ஏசி ஓட்டிட்டு காலைல வண்டி எடுக்க பெட்ரோல் இல்லாம காட்டுல நிக்கக்கூடாதுன்னு. நான் இது தெரியாம ஒரு நாள் முழுக்க ஃபியூவல் பம்ப்ப கழட்டி மாட்டினவன், அதான் மொத கேள்வியாவே கேக்கறேன்.

கரூர்க்காரி:
ஐயோ. முள்ளு ஈ கோட்டுக்கு கொஞ்சம் மேலதாங்க நிக்குது. 55 கேலன் டேங்க், விக்கறப்ப யாரு ரொப்பி குடுக்கறாங்க. போய் ரொப்பிட்டு வர்றேன்.

டல்லாஸ்_தம்பி:
ரொப்பும்போதே கார்புரேட்டர் கிளீனர் பாட்டில் ஒண்ணு ஊத்தி விட்டுடுங்கக்கா, ரெண்டு மணி நேரம் ஓட விட்டா தன்னால சரியாகிடும். எதையும் கழட்ட வேணாம். என் புல்வெட்டற மெஷினுக்கு நான் அதான் பண்றேன்.

நெல்லை_ஜென்செட்:
அம்மா, நான் திருநெல்வேலில கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுதவன். 2012ல கரண்ட் கட் இருந்தப்ப கடைக்கு கடை சின்ன ஜெனரேட்டர் வாங்கி வச்சாங்கல்லா, கரண்ட் ஒழுங்கா வர ஆரம்பிச்சதும் எல்லாம் மூலையில போட்டுட்டாங்க, ரெண்டு வருசம் கழிச்சு எடுத்து இழுத்தா நீங்க சொல்லுத இதே கததான். நாங்க ஹண்டிங் அடிக்குன்னு சொல்லுவோம். பெட்ரோல் பத்தாம எஞ்சின் வேகம் கொறையும், ஒடனே கவர்னர் (வேகத்த ஒரே அளவுல வைக்குத பாகம்) பதறிப்போய் திராட்டில் கதவ தொறக்கும், வேகம் ஏறும், ஏறினதும் கவர்னர் மூடும், மறுபடி பெட்ரோல் பத்தாது. கவர்னர் மேல தப்பே கெடையாது, அது பாவம் அது வேலைய பாக்கு. அதோட ஸ்பிரிங்க மட்டும் தொட்டுறாதீங்க, தொட்டா வேற வியாதி வந்துரும்.

ஒரு சோதனை சொல்லுதேன். ஏர் ஃபில்டர் மூடிய எடுத்துட்டு, ஓடிக்கிட்டு இருக்கும்போது சோக் தகட்ட (கார்புரேட்டருக்கு காத்து போற வழிய மூடுத தகடு) வெரலால பாதி மூடிப் பாருங்க. ஆட்டம் நின்னு ஒரே சீரா ஓடிச்சுன்னா காத்து கூட, பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். காயில், கண்ட்ரோல் போர்டு ஒண்ணையும் பாக்க வேண்டாம், பெட்ரோல் வர்ற பாதையில எங்கயோ அடைப்பு.

கரூர்க்காரி:
40 கேலன் ரொப்பியாச்சு. ஸ்டார்ட்டிங் பரவால்ல, ரெண்டு சுத்துல புடிக்குது, ஆனா ஆட்டம் அப்படியேதான் இருக்கு. அண்ணா சொன்ன மாதிரி சோக்க பாதி மூடினேன், நம்ப மாட்டீங்க, டக்குனு அடங்கிருச்சு! மீட்டர்ல 60, 61னு நிக்குது. வெரல எடுத்தா மறுபடி சாமியாடுது.

நெல்லை_ஜென்செட்:
கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வர்ற ஊசி ஓட்டை) அடைச்சிருக்கு, சந்தேகமே இல்ல. பாட்டில் ஊத்தச் சொன்ன தம்பி கோவிச்சுக்கிடக் கூடாது, அந்த மருந்து லேசா படிஞ்ச அழுக்குக்குத்தான் கேக்கும். ஓட்டையே அடைச்சிருச்சுன்னா அது வழியா ஒண்ணுமே போகாதே, மருந்து மட்டும் எப்படி போகும்? கழட்டித்தான் ஆகணும்மா.

கனடா_யாழ்:
அக்கா, மூண்டு வருசம் நிண்ட பெட்ரோல் எண்டால் உதுதான் நடக்கும். இஞ்ச எங்கட பெட்ரோலிலயும் உங்கட பெட்ரோலிலயும் 10 வீதம் மட்டில எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்தை இழுக்கும், பிறகு தண்ணியாய் பிரிஞ்சு அடியில நிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில மிஞ்சின கொஞ்சப் பெட்ரோல் காய்ஞ்சு வார்னிஷ் மாதிரி ஒட்டிப்போகும். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில மோட்டர்சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள், கார்புரேட்டர் கழட்டுறது எங்களுக்கு கோப்பி குடிக்கிற மாதிரி. பயப்பிடாமல் கழட்டுங்கோ, ஆனா கழட்டுறதுக்கு முதல் ஃபோனில படம் எடுத்து வையுங்கோ, எந்தக் கம்பி எந்த ஓட்டையில இருந்ததெண்டு பிறகு தலையை சொறியாமல் இருக்கலாம்.

ஹூஸ்டன்_மாப்ள:
கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் வயர எடுத்துடுங்க. கேஸ் சிலிண்டர் வால்வ மூடிடுங்க, ஆர்வில ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் ரெண்டும் கேஸ்ல தீ போட்டு ஓடற டைப்பா இருக்கும், பக்கத்துல நீங்க பெட்ரோல சிந்திட்டு உக்காந்திருந்தா வேற வெனையே வேணாம். தீயணைப்பான் கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும். இன்னொண்ணு, சுருதி சரியாகற வரைக்கும் ஏசிய போடாதீங்க, 104 வோல்ட்ல கம்ப்ரஸர் சுத்த முடியாம சூடாகி போய்டுச்சுன்னா ஜெனரேட்டர விட அது பெரிய செலவு.

கரூர்க்காரி:
ஞாயித்துக்கெழம காலைல உக்காந்தேன், கழட்டவே ஒன்ற மணி நேரம் ஆச்சு, கை நொழையாத எடத்துல ரெண்டு நட்டு வச்சிருக்காங்க பாருங்க, அத வடிவமைச்ச ஆள் ஒரு நாளும் அத கழட்டியிருக்க மாட்டார்னு சத்தியம் பண்ணுவேன். கிண்ணத்த தொறந்ததும் ஒரு வாடை வந்துச்சு, பெட்ரோல் வாடையே இல்ல, பழைய பெயிண்ட் டப்பாவ தொறந்த மாதிரி. அடியில தேன் கலர்ல பிசுக்கு, ஒரு ஓரத்துல பச்சையா களிம்பு. மெயின் ஜெட்ட கழட்டி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சேன், ஊசி மொனை அளவுக்கு வெளிச்சம் தெரியணும்ல, கோணலா ஒரு கீத்துதான் தெரிஞ்சுது. சின்ன ஜெட்டுல அதுவும் இல்ல, முழு இருட்டு.

கிளீனர் ஸ்ப்ரே அடிச்சேன், அரை மணி நேரம் ஊற வச்சேன், அப்பறம் பையனோட கிட்டார்லேந்து இருக்கறதுலயே மெல்லிசு கம்பி ஒண்ண திருடி உள்ள விட்டேன் (அவனுக்கு இன்னும் தெரியாது). மெதுவா பட்டுனு ஒடஞ்சு ஒரு துணுக்கு வந்துச்சு பாருங்க, மணல் அளவு, இதுக்குத்தான் இவ்ளோ அலப்பறை. பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன ஓட்டைக்கெல்லாம் கம்ப்ரஸர் காத்து அடிச்சேன். இப்ப வெளிச்சம் வட்டமா தெரியுது.

மாட்டி ஸ்டார்ட் பண்ணேன், ஒரே சுத்து! 61 ஹெர்ட்ஸ், 122 வோல்ட், கல்லு மாதிரி நிக்குது. ஆடிப் போய்ட்டேங்க சந்தோசத்துல. ஏசி போட்டேன், தாங்குச்சு. பத்து நிமிசம். பதினோராவது நிமிசம் மறுபடி இருமல், மறுபடி ஆஃப். அழுகையே வந்துருச்சு.

டல்லாஸ்_தம்பி:
அப்ப போர்டு போயிருக்கும்க்கா. இல்லனா ஃபியூவல் பம்ப். ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடுங்க.

நெல்லை_ஜென்செட்:
தம்பி, ஆர்டர் போட காசு உங்க வீட்டுலேந்தா வருது? இருங்க. லோடு இல்லாம சீரா ஓடுது, லோடு போட்டா பத்து நிமிசம் தாங்குது, அதுக்கப்பறம் நிக்குதுன்னா கிண்ணத்துல இருக்கறது செலவாகுத வேகத்துக்கு பின்னாலேந்து பெட்ரோல் வரலைன்னு அர்த்தம். பம்ப்பா, ஃபில்டரா, குழாயான்னு பிரிச்சுப் பாக்கணும். ஒரு சின்ன கேன்ல புது பெட்ரோல் எடுத்து, டேங்க்லேந்து பம்ப்புக்கு வர்ற குழாய கழட்டிட்டு, அந்த எடத்துல கேன்லேந்து ஒரு துண்டு குழாய் குடுங்க. சைலன்சர் சூட்டுக்கு தள்ளி, தரையில வைங்க, கேன் மூடிய சுத்தி துணி வச்சு ஆவி வராம பாத்துக்கிடுங்க. ஏசிய போட்டு அரை மணி நேரம் ஓடிச்சுன்னா பம்ப் நல்லாருக்கு, கோளாறு டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல. அப்பவும் நின்னா பம்ப்போ ஃபில்டரோ. அஞ்சு பைசா செலவில்லாம தெரிஞ்சுரும்.

கரூர்க்காரி:
கேன் வச்சு ஓட்டினேன். ஏசி ஓடிக்கிட்டே 40 நிமிசம்! நானே போதும்னு நிறுத்திட்டேன். அப்ப குழாய்தான்னு வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு படுத்தேன். பாத்தா ஈரமே இல்ல, ஒழுகல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் கிளாம்ப் பக்கத்துல குழாய கொஞ்சம் வளைச்சுப் பாத்தேன், காஞ்ச சேறு வெடிக்கற மாதிரி வரி வரியா வாய தொறக்குது. நேரா இருக்கறப்ப மூடிக்கிது, வளைஞ்சா தொறக்குது. ஒழுகாம எப்படி இருந்துச்சுன்னுதான் புரியல.

ஹூஸ்டன்_மாப்ள:
அது உறிஞ்சற பக்கம்க்கா, அதான். பம்ப் இழுக்கும்போது பெட்ரோல் வெளிய வராது, வெளிய இருக்கற காத்து உள்ள போகும். ஸ்ட்ராவுல ஓட்டை விழுந்தா ஜூஸ் சிந்தாது, வாய்க்குதான் வராது, அதே கததான். ஏசி போட்டா பெட்ரோல் அதிகமா இழுக்கணும், காத்தும் அதிகமா வந்துடும். மாத்தும்போது எத்தனால் தாங்கற ஃபியூவல் ஹோஸ்தான் வாங்கணும், தண்ணி குழாய், ஏர் குழாய் எல்லாம் சீக்கிரமே கெட்டுடும். ஃபில்டரையும் கையோட மாத்திடுங்க.

கனடா_யாழ்:
இனி நிப்பாட்டி வைக்காதேங்கோ அக்கா. மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு மணித்தியாலம், சும்மா இல்ல, அரைவாசி லோட்டெண்டாலும் குடுத்து ஓட்ட வேணும். சூடேறினால்தான் உள்ளுக்கு சுத்துற கம்பிச்சுருளில பிடிச்ச ஈரம் காயும். குறைஞ்ச மணித்தியாலம் ஓடின ஜெனரேட்டர் நல்லதெண்டு ஆக்கள் நினைக்கிறது, உண்மையில அதுதான் கூடக் கரைச்சல் குடுக்கும். நாங்கள் இஞ்ச ஒக்டோபரில வண்டியை மூடேக்க டேங்கில ஃபியூவல் ஸ்டேபிலைசர் (பெட்ரோல் பழுதாகாமல் வைக்கிற மருந்து) ஊத்திப்போட்டு, அது கார்புரேட்டருக்கும் போய்ச் சேர பத்து பதினைஞ்சு நிமிசம் ஜெனரேட்டரை ஓட்டிப்போட்டுத்தான் மூடுறது. சனம் ஊத்தினதோட விட்டிடும், கார்புரேட்டருக்குள்ள பழசுதான் நிக்கும்.

ஹூஸ்டன்_மாப்ள:
ரெண்டு விஷயம் விட்டுட்டேன். வண்டிக்குள்ள இருக்கற கார்பன் மோனாக்சைட் அலாரத்த திருப்பி தேதி பாருங்க. அதுக்கு ஆயுசு வகையப் பொறுத்து அஞ்சுலேந்து பத்து வருசம்தான், 2011ல வச்சதுன்னா எப்பவோ செத்திருக்கும், டெஸ்ட் பட்டன் அமுக்கினா பீப் வரும், அத நம்பாதீங்க. அந்த வாயுவுக்கு வாடையும் கெடையாது நிறமும் கெடையாது. சைலன்சர் குழாய்ல துரு ஓட்டை இருக்கா, எலியோ குளவியோ காத்து வர்ற வழில கூடு கட்டியிருக்கான்னும் பாத்துடுங்க, மூணு வருசம் கொட்டகைல நின்ன வண்டி. ரெண்டாவது, பிக் பெண்ட் போய்ட்டு திரும்பும்போது ஃபோர்ட் டேவிஸ் பக்கம் மக்டொனால்ட் அப்சர்வேட்டரி ஏறுவீங்கன்னா அது 6,700 அடிக்கு மேல. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூணு மூன்ற சதவீதம் சக்தி கொறையும், அங்க ஏசியும் மைக்ரோவேவும் சேத்து போட்டுட்டு மறுபடி கெட்டுப்போச்சுன்னு இங்க வந்து எழுதாதீங்க.

கரூர்க்காரி:
முடிஞ்சுதுங்க! குழாய் மொத்தமும் மாத்தி, ஃபில்டர் மாத்தி, நேத்து ஏசி போட்டு ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டினேன், நடுவுல மைக்ரோவேவ்ல சோறு சூடு பண்ணேன், அப்ப மட்டும் லேசா மொனகுச்சு, ஒடனே தாங்கிக்கிச்சு. 60 ஹெர்ட்ஸ். மொத்த செலவு 43 டாலர், கிட்டார் கம்பி சேக்காம. அலாரம் ஹூஸ்டன் மாப்ள சொன்ன மாதிரியே செத்துப்போன கேஸ், பின்னாடி 2011னு போட்டிருக்கு, ஆனா பீப் மட்டும் ஜோரா அடிக்குது. புதுசு மாட்டியாச்சு. காத்து வர்ற ஜாலில குளவிக்கூடு மூணு இருந்துச்சு, மண்ணு காஞ்சு கல்லா கெடந்துச்சு, ஸ்குரூ டிரைவர்ல நெம்பி எடுத்தேன்.

ஓடற சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அப்பாவுக்கு அனுப்பினேன். ரெண்டு தடவ கேட்டுட்டு, "இப்ப தாளம் சரியாருக்குடா கண்ணு, ஆயில் மாத்துனியா?"ன்னார்.

மாத்தல. நாளைக்கு.