ஒரே செல்போனை வைத்து வகுப்பு முழுவதையும் பதில் சொல்ல வைப்பது எப்படி?

கேள்வி: எட்டாம் வகுப்பு அறிவியல், 40 மாணவர்கள், ஒரே ஒரு செல்போன். கேள்வி கேட்டால் முன்வரிசை நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். வழி உண்டா?

பதில் 1: பிளிக்கர்ஸ் (Plickers) செயலி இதற்குத்தான், சார். மாணவர்கள் தூக்கிப் பிடிக்கும் அச்சிட்ட அட்டைகளை உங்கள் போன் கேமரா படித்து, யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவு செய்யும். அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி அச்சிடலாம்; சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை. வருகைப்பதிவேட்டு வரிசைப்படி எண் பார்த்துக் கொடுங்கள். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி பொடி எழுத்தில் இருக்கும். தன் விடை மேலே வரும்படி மாணவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் கேமராவை மெதுவாக ஓட்டினால் போதும். அட்டைக்கு அட்டை அச்சிட்ட கறுப்பு வடிவம் வேறு, அதனால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்ப முடியாது.

பதில் 2: பளபளப்பான லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. தடித்த தாள் போதும். விரல் கறுப்புப் பகுதியை மறைத்தாலும் பதிவாகாது. வெள்ளை ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பதில் 3: முடிவு வந்ததும் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் முறைப்படி, 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், வேறு விடை சொன்னவரோடு 2 நிமிடம் விவாதிக்கவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். 30க்குக் கீழே போனால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். கேள்வியில் கொடுக்கும் தவறான விடைத் தேர்வுகளில் பிள்ளைகள் உண்மையிலேயே நம்பும் பிழை இருக்கட்டும்: "கனமான கல்தான் முதலில் விழும்" என்பது போல.