அண்ணனுக்குச் சூடு, தம்பிக்கு எதுவென்று தெரியாது

எங்கள் வீட்டுக்காரருக்கும் ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய தம்பிக்கும் ஒரே வருத்தம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. அது வந்தால் இவருடைய நாடியை எண்ணவே முடியாது, தாறுமாறாக ஓடும். மருந்துக்கு அடங்காததால், திருகோணமலையில் இருந்து இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய் அபிளேஷன் செய்தோம். தொடை நாளம் வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, நுரையீரல் நாளங்கள் இடது மேலறையில் சேரும் வாசலைச் சுற்றிச் சுட்டுவிடுகிறார்கள். குழப்பத்தைக் கிளப்பும் துடிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். இவருக்கு அதெல்லாம் பெரிதில்லை, பிறகு காலை மடக்காமல் கிடந்ததுதான் பெரிய தண்டனை.

மச்சானை அங்கே ஒரு ஆய்வில் சேரக் கேட்டார்கள். புதிய முறை சூட்டை நம்பி இல்லை. மிகக் குறுகிய, வலுவான மின்துடிப்புகள் தசைக் கலங்களின் சவ்வைத் துளைத்து அவற்றைச் சாகடிக்கும். இதயத்துக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கும் உணவுக்குழாய் தப்பிவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் யாருக்குப் பழையது, யாருக்குப் புதியது என்பதைக் கணினிதான் தீர்மானிக்கும், எது செய்தார்கள் என்று நோயாளிக்கும் சொல்ல மாட்டார்கள். "இவ்வளவு படிச்ச டொக்டர்மார் திருவுளச்சீட்டா போடுறாங்கள்?" என்றார் மாமி. மருத்துவரே ஆள் பிரித்தால், தெரியாமலே திடமானவர்களைப் புதியதற்கு அனுப்பிவிடுவார் என்று மச்சான் போனில் விளக்கினார். மாமி சமாதானமாகவில்லை.

எனக்கு உறைத்தது வேறு. இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான அட்வென்ட் ஆய்வில் 607 பேர். ஒரு வருடத்தில் வெற்றி, புதியதில் 73.3 வீதம், சூடு அல்லது குளிர் கொடுக்கும் பழைய முறையில் 71.3 வீதம். இதற்கா இவ்வளவு பாடு என்றுதான் முதலில் தோன்றும். அப்புறம் பார்த்தால், இப்படியான ஆய்வுகளில் அளவுகோல் கடுமை: முதல் 3 மாதம் கணக்கில் இல்லை, பிறகு தாறுமாறான துடிப்பு 30 வினாடி பதிவானாலே தோல்விதான். ஆள் சுகமாகச் சந்தைக்குப் போய்வந்தாலும் தாளில் தோல்வி! இவருக்கும் இரண்டாம் மாதம் ஒருநாள் இரவு படபடப்பு வந்தது. சுட்ட இடம் ஆறும்போது அப்படி வரும், பொறுங்கள் என்றார் மருத்துவர். பிறகு பெரிதாக வரவில்லை.

ஒன்று மட்டும்: துடிப்பு சீரானதும், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவாத ஆபத்து வயது, பிரஷர், சீனியையும் பொறுத்தது. மருந்தின் வேலையைக் குறைக்கும் என்று பயந்து முருங்கையிலை வறையைக்கூட விடத் தேவையில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனையைப் பார்த்துக்கொண்டால் சரி.