சம்பா சர்வரில் தங்கும் விண்டோஸ் வைரஸ் – உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. டிடிபி சென்டர் ஒன்றில் விண்டோஸ் 7 கணினிகள் நான்கு, மேக் ஒன்று, ஃபைல்களைப் பகிர உபுண்டு லினக்ஸில் சம்பா (விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிர உதவும் மென்பொருள்) சர்வர். வாடிக்கையாளர்களின் பென்டிரைவ் வழியாக ஷார்ட்கட் வைரஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஃபோல்டர் மறைந்து, அதே பெயரில் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஓர் ஐகான் நிற்கிறது. சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கிறது, பின்னால் ஸ்கிரிப்டும் ஓடுகிறது.

விண்டோஸின் அட்ரிப் கட்டளையில் மைனஸ் எச், மைனஸ் எஸ் (மறைவு, சிஸ்டம் குறிகளை நீக்க) கொடுத்தால் மறைந்தவை தெரியும். ஆனால் ஸ்டார்ட்அப்பில் (கணினி தொடங்கும்போதே ஓடுபவற்றில்) இருக்கும் ஸ்கிரிப்டை நீக்கும்வரை அடுத்த பென்டிரைவிலும் ஏறிக்கொள்ளும்.

லினக்ஸிலும் மேக்கிலும் இது ஓடாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. சர்வரில் சும்மா கிடந்து, விண்டோஸில் திறந்ததும் வேலையைக் காட்டுகிறது. நோஎக்ஸெக் மவுண்ட் (அந்த டிஸ்கிலிருந்து எந்த நிரலும் ஓடாதபடி இணைப்பது) சர்வரை மட்டுமே காக்கும். சம்பாவில் ஃபைல்களைத் தடுக்கும் வீட்டோ ஃபைல்ஸ் அமைப்பு பெயரை மட்டும் பார்க்கும், ஜிப்புக்குள் இருந்தால் தப்பிவிடும்.

எஸ்எம்பி1 (விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு நெறிமுறை) அணைத்தாயிற்று, 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் பழைய பேஜ்மேக்கர் வேலைகள் முடியும்வரை முடியாது.

சம்பாவின் வைரஸ்ஃபில்டர் மாட்யூலை (ஃபைல் திறக்கும்போது ஸ்கேன் செய்வது) கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸோடு ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: சர்வரில் 4 ஜிபி ராம்தான், பின்னணியில் ஓடும் கிளாம்ஏவி டீமனே 1 ஜிபிக்கு மேல் எடுக்கும். 300 எம்பி ஃபோட்டோஷாப் ஃபைல் திறக்க எவ்வளவு தாமதமாகிறது? ஸ்கேன் செய்யும் ஃபைலின் அதிகபட்ச அளவை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?