புரொப்போர்ஷனல் வால்வ் (காயில் கரண்ட்டுக்கு ஏத்த அளவு பிரஷரோ ஆயில் ஓட்டமோ கொடுக்கிற ஹைட்ராலிக் வால்வ்) காயிலை பி.எல்.சி.யில் (மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) ஓட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

பவர்பேக்_கோவை:
ரப்பர் மோல்டிங் பிரஸ் ஒண்ணு. காலையில 120 பார் வெச்சா மத்தியானத்துக்குள்ள தொண்ணூறு பக்கம் இறங்கிடும். ஆபரேட்டர் ஸ்கிரீன்ல செட்டிங்கைக் கூட்டிக்கிட்டே இருப்பார். ஆயில் சூடாகி மெலிஞ்சிருக்கும்னு ஆயிலை மாத்தினாங்க, பம்ப் தேஞ்சிருக்கும்னு பம்பையும் மாத்தினாங்க. பிரஷர் பிடிக்கலை.

நான் போய் பிரஷர் அளவை வைக்கிற புரொப்போர்ஷனல் ரிலீஃப் வால்வோட காயில் வயர் ஒண்ணைக் கழட்டி மல்டிமீட்டரை சீரியஸ்ல போட்டேன். காலையில 0.6 ஆம்ப். மத்தியானம் 0.46. காயில் முனையில வோல்ட்டேஜ் ரெண்டு வேளையும் அதே 12. விஷயம் அங்கேயே தெரிஞ்சுபோச்சு.

பேனல் கட்டினவர் பி.எல்.சி.யோட அனலாக் அவுட்புட்டுக்கு (கூட்டிக் குறைக்கிற சிக்னல் வர்ற இடம்) பின்னாடி வோல்ட்டேஜ் கொடுக்கிற டிரைவர் போர்டு ஒண்ணைப் போட்டிருந்தார். காயில் 20 டிகிரியில 20 ஓம். செம்புக் கம்பிக்கு டிகிரிக்கு 0.39 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏறும். காயில் 100 டிகிரியைத் தொட்டா 26 ஓமுக்கு மேல. வோல்ட்டேஜ் மாறாம இருந்தா கரண்ட் குறையத்தானே செய்யும்? சாதா ஆன்-ஆஃப் வால்வுக்கு இதனால ஒண்ணும் ஆகாது, இழுத்தா போதும். இங்கே காயில் தள்ளுற விசையே கரண்ட்டை வெச்சுத்தான். கரண்ட்டை அளந்து தானே சரிபண்ணிக்கிற ஆம்ப்ளிஃபையர் கார்டு போட்டோம். பி.எல்.சி. 0-10 வோல்ட் சிக்னல் மட்டும் கொடுக்குது. சாயங்காலம் வரைக்கும் 120 அசையலை.

ஓசூர்_மெயின்டனன்ஸ்:
சார், எங்க ஆளுங்க இதைவிட ஒரு படி மேல. "கார்டு எதுக்கு, டிரான்சிஸ்டர் அவுட்புட்லயே பி.டபிள்யூ.எம்., அதாவது வேகமா ஆன்-ஆஃப் பண்ணி சராசரி அளவைக் கூட்டிக் குறைக்கிறது, கொடுத்துடலாம்"னு பி.எல்.சி.யோட லேடர் புரோகிராம்ல டைமர் போட்டு எழுதிட்டாங்க. ஸ்கேன் டைம், அதாவது புரோகிராமை ஒரு தடவை ஓட்டி முடிக்கிற நேரம், 10 மில்லிசெகண்ட். 100 ஹெர்ட்ஸ்ல ஒரு சுற்றே 10 மில்லிசெகண்ட்தான். அப்புறம் அதுக்குள்ள முப்பது சதவீதம், நாப்பது சதவீதம் எங்கேயிருந்து வரும்? இருந்தா ஃபுல், இல்லேன்னா பூஜ்யம்.

அடுத்து ஹை ஸ்பீட் பல்ஸ் அவுட்புட்டுக்கு மாத்தினாங்க. அது 0.5 ஆம்ப் தாங்கும், காயில் கேக்குறது 0.8. போதாததுக்கு, காயில் குறுக்கே ஃப்ரீவீலிங் டயோடு (ஆஃப் ஆகும்போது காயில் கரண்ட் சுத்தி வர வழி விடுறது) இல்லை. ஒவ்வொரு தடவை ஆஃப் ஆகும்போதும் காயில்ல தேங்கின சக்தி முழுக்க அவுட்புட்டுக்குள்ள இருக்கிற கிளாம்ப்ல (எகிறுற வோல்ட்டேஜைப் பிடிக்கிற பாகம்) போய் எரியுது. எப்பவாவது ஆஃப் ஆனா அது தாங்கும், செகண்டுக்கு நூறு தடவைன்னா? அந்த மாட்யூல் போயிடுச்சு. கார்டு விலையைவிட மாட்யூல் விலை அதிகம்.

ரிக்_திருச்செங்கோடு:
நம்ம ரிக் வண்டியில மொபைல் கன்ட்ரோலர், கரண்ட் ஃபீட்பேக்கோட பி.டபிள்யூ.எம். அவுட்புட் அதுலயே இருக்கு. அதனால அண்ணன் சொன்ன சூட்டுப் பிரச்சினை கிடையாது. ஆனா ஃபீட் சிலிண்டர் பாடாப்படுத்துச்சு. ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளினா சும்மா இருக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளினா குபீர்னு பாயும். துளை போடுற கம்பி மாத்துற நேரத்துல இப்படிப் பாஞ்சா பக்கத்துல நிக்கிறவன் கதி?

ரெண்டு காரணம் சேர்ந்திருந்தது. முதல்ல டிதர் (காயில் கரண்ட்டுக்குக் கொடுக்கிற லேசான நடுக்கம்) ஆஃப்ல கிடந்தது. ஸ்பூல் (வால்வுக்குள்ள நகர்ந்து ஆயில் வழியைத் திறக்கிற உருளை) ஒரே இடத்துல நின்னா ஒட்டிக்கும், அதை எப்பவும் துளி நடுக்கத்துல வெச்சிருக்கணும். 150 ஹெர்ட்ஸ் வெச்சேன். வால்வ் பாடியில கையை வெச்சா லேசா ஒரு விர்ர் தெரியணும், ஹோஸ் ஆடக்கூடாது. ஹோஸ் ஆடினா அளவு அதிகம், இல்லேன்னா ஃப்ரீக்வென்சி ரொம்பக் கம்மி.

ரெண்டாவது டெட்பேண்ட். ஸ்பூல், ஆயில் வழியை மூடிக்கிட்டிருக்கிற ஓவர்லாப்பைத் தாண்டுற வரைக்கும் ஆயில் போகாது. மினிமம் கரண்ட்டை மெல்ல மெல்ல ஏத்தி, சிலிண்டர் நகர ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி, அங்கிருந்து ஒரு நூல் குறைச்சு வெச்சேன். ரெண்டு பக்கக் காயிலுக்கும் தனித்தனியாப் பார்க்கணும், ஒரே எண் வராது. ஆயில் சூடேறின பிறகுதான் இதைப் பண்ணணும்.

ஓசூர்_மெயின்டனன்ஸ்:
அண்ணே, எங்களுக்கு இப்போ கார்டு போட்டு, டிதரும் வெச்சாச்சு. ஆனா வால்வ் மாத்தினதுலயிருந்து பிரஷர் முள்ளு துடிக்குது.

பவர்பேக்_கோவை:
தம்பி, காயிலுக்குப் பின்னாடி சின்ன ஸ்குரூ இருக்கா பாருங்க. ஆர்மேச்சர் (காயில் இழுக்கிற இரும்புத் துண்டு) இருக்கிற குழாய்க்குள்ள ஆயில் நிறைஞ்சிருக்கணும், புது வால்வுல காத்து நின்னுடும். பிரஷரை நல்லாக் குறைச்சு வெச்சு, ஸ்குரூவை லேசா லூஸ் பண்ணி, நுரை இல்லாத ஆயில் வந்ததும் இறுக்குங்க. அப்புறமும் துடிச்சா சிக்னல் வயர் ஷீல்டை (வெளி மின் இரைச்சலைத் தடுக்கிற உறை) பாருங்க.

ஓசூர்_மெயின்டனன்ஸ்:
காத்துதான் சார். நின்னுடுச்சு.