இந்திய மகளிர் கால்பந்து அணி வரலாறு: ஃபிளெக்ஸில் எந்த வருடத்தை எப்படிப் போடுவது?

அல்சூர்க்காரி:
வணக்கம். பெங்களூரு கௌதமபுரத்தில் பெண் பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சி முகாமுக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கிறோம். 8 அடிக்கு 3 அடி. இந்திய மகளிர் அணியின் வரலாறு முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும். 20 வரிக்கு மேல் போட்டால் தூரத்திலிருந்து யாரும் படிக்க மாட்டார்கள்.

இடிக்கிற இடங்கள் இவை. 2025-ல் தாய்லாந்தை ஜெயித்தபோது தகுதிச் சுற்று வழியாக ஆசியக் கோப்பைக்குப் போவது இதுவே முதல் முறை என்றார்கள். ஆனால் 1980-லும் 1983-லும் ஆசிய அளவில் இரண்டாம் இடம் வந்திருக்கிறோம். இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும்? அடுத்து, 2022-ல் நவி மும்பையில் ஈரானோடு ஆடிய 0–0 ஆட்டம் சில பட்டியலில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. சாஃப் (தெற்காசிய) கோப்பை ஒன்றுக்கு 2016 என்றும் போடுகிறார்கள், 2017 என்றும் போடுகிறார்கள். கடைசியாக, தமிழ்ப் பிள்ளைகளும் நம்ம பெங்களூரும் வருகிற மாதிரி இரண்டு வரியாவது வேண்டும். எதைப் போடலாம்?

பழைய_ஸ்கோர்ஷீட்:
நீங்கள் ஒரே கோடாகப் போட நினைப்பதால்தான் இடிக்கிறது. நடுவில் ஒரு வெட்டு விழுந்த வரலாறு இது. அதை மறைக்காமல் இரண்டு பகுதியாகவே பிரித்துப் போடுங்கள்.

முதல் பகுதி 1975-ல் தொடங்குகிறது. அந்த வருடம்தான் இந்திய மகளிர் கால்பந்துச் சம்மேளனம் உருவானது. அது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமான ஏ.ஐ.எஃப்.எஃப்.பின் கிளை இல்லை, தனி அமைப்பு. ஆசிய அளவிலும் அதே கதைதான். ஏ.எல்.எஃப்.சி. என்று பெண்களுக்குத் தனிக் கூட்டமைப்பு இருந்தது, ஆசியப் போட்டிகளை அதுதான் நடத்தியது. 1986-ல்தான் அது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏ.எஃப்.சி.யோடு இணைந்தது. அன்றைய இந்திய அணிக்கு முதல் பயிற்சியாளர் சுஷீல் பட்டாச்சார்யா, கொல்கத்தாக்காரர்.

இந்தப் பகுதிக்கு நான்கு வரி போதும்:
ஜனவரி 1980, கோழிக்கோடு: இறுதியில் தைவானிடம் 0–2.
1981, ஹாங்காங்: மூன்றாம் இடம்.
1983, பாங்காக்: இறுதியில் தாய்லாந்திடம் 0–3.
1983: சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பிறகு ஒரு பெரிய இடைவெளி. 1986 முதல் 1993 வரை நடந்த நான்கு ஆசியப் போட்டியிலும் இந்தியா இல்லை. சீனா உள்ளே வந்ததே 1986-ல்தான். வந்ததும் 1999 வரை ஏழு கோப்பையை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போனது. வட கொரியாவும் தென் கொரியாவும் அதற்கும் பிறகுதான் வந்தன. 1983-ல் இரண்டாம் இடத்தில் இருந்த அணி 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் சீனாவிடம் 0–16 வாங்கியது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம்ம பக்கம் பல வருடம் சர்வதேச ஆட்டமே இல்லாமல் போனது பாதிக் காரணம். முன்பு நாம் ஆடிய ஆசியப் போட்டிகளில் பெரிய அணிகள் பலவும் இல்லாமல் இருந்தது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். "அந்தக் காலம் பொற்காலம்" என்று மட்டும் போட்டால் அது பாதி உண்மைதான்.

இரண்டாம் பகுதி 1990-களின் தொடக்கத்தில், ஏ.ஐ.எஃப்.எஃப். பெண்கள் கால்பந்தைத் தன் கையில் எடுத்ததிலிருந்து. 1995, 1997, 1999, 2001, 2003 என ஐந்து ஆசியப் போட்டியிலும் ஆடினோம். ஐந்திலும் குரூப்பைத் தாண்டவில்லை. அப்போது நுழைவதற்கு வடிகட்டல் கிடையாது, பெயர் கொடுத்த அணிகள் ஆடின. 2003-ல் 14 அணிகள். பின்னால் தகுதிச் சுற்று வந்ததும் நம்மால் உள்ளே போக முடியவில்லை. 2022-ல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடி இடம். ஆக, தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போனது 2025-ல்தான் முதல் முறை. "முதல் முறையாக ஆசியக் கோப்பை" என்று சுருக்கினால் தப்பு, "தகுதிச் சுற்றில் வென்று முதல் முறை" என்றால் சரி.

மூணாவது_கம்பம்:
மேலே சொன்னது சரி, ஆனால் 1980-ஐ வெறுமனே "இந்தியா" என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோழிக்கோட்டில் இந்தியா இரண்டு அணியாக இறங்கியது: இந்தியா எஸ், இந்தியா என். இறுதியில் தோற்றது எஸ் அணி. போட்டியை நடத்திய நாடு இரண்டு அணி இறக்கியதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மை இல்லை. அதே போட்டிக்கு ஆஸ்திரேலியா சார்பில் வந்தது மேற்கு ஆஸ்திரேலியா மாநில அணி. அந்தக் காலத்தில் கட்டமைப்பு அப்படி இருந்தது.

பழைய_ஸ்கோர்ஷீட்:
ஏ.எஃப்.சி. தன் பட்டியலில் அதை இந்தியா கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் "இந்தியா எஸ்" என்று எழுதுவதில் நஷ்டம் எதுவும் இல்லை, எழுதிவிடலாம். வருடம் மட்டும் கவனம். போட்டியின் பெயரில் 1979 ஒட்டிக்கொண்டு வரும், ஆனால் ஆடியது 1980 ஜனவரி. பல பட்டியல்கள் இதனாலேயே 1979, 1980 என்று இரண்டு தனிப் போட்டியாக எண்ணி, இரண்டாம் இடத்தை மூன்று முறை ஆக்கிவிடுகின்றன. இரண்டு முறைதான்.

ஆஃப்சைடு_கொடி:
2022-ஐப் பற்றி நான் சொல்கிறேன்.

ஜனவரி 20, டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம், ஈரானோடு 0–0. ஜனவரி 23 அன்று சீன தைபேயோடு ஆட வேண்டும். அதற்குள் முகாமில் கோவிட் பரவி 12 பேருக்குப் பாசிட்டிவ், அதற்கு மேல் காயத்தில் இருந்தவர்களும் உண்டு. அந்தப் போட்டியின் கோவிட் விதிப்படி குறைந்தது 13 பேர் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அந்த ஆட்டம் மட்டும் போவதில்லை, அணி போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு. அதனால் சீனாவோடு இருந்த ஆட்டமும் போயிற்று. ஏற்கெனவே ஆடி முடித்த ஈரான் ஆட்டமும் செல்லாது என்று அறிவித்தார்கள். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். மைதானத்தில் 90 நிமிடம் நடந்தது உண்மை, குரூப் அட்டவணையில் அது இல்லை. ஃபிளெக்ஸில் "ஈரானுடன் 0–0 (பின்னர் ரத்து)" என்று போடுங்கள். "தோற்று வெளியேறியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் போட்டியில் இந்தியா ஒரு கோல்கூட வாங்கவில்லை.

சாஃப் மகளிர் கோப்பையில் இந்தியா ஜெயித்த இறுதி ஆட்டங்களின் கணக்கு:
2010 காக்ஸ் பஜார், நேபாளம் 1–0.
2012 கொழும்பு, நேபாளம் 3–1.
2014 இஸ்லாமாபாத், நேபாளம் 6–0.
2016 சிலிகுரி, வங்கதேசம் 3–1.
2019 பிராட்நகர், நேபாளம் 3–1.

சிலிகுரிப் போட்டி 2016 டிசம்பரில் தொடங்கியது, இறுதி ஆட்டம் 2017 ஜனவரி 4. அதனால்தான் இரண்டு வருடம் வருகிறது. போட்டியின் பெயர் 2016, அதையே போடுங்கள். ஐந்தையும் ஐந்து வரியாக எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம், ஒரே வரியில் வருடங்களை அடுக்கினால் போதும். மிச்சமாகும் இடத்தில் 2022-ஐ எழுதுங்கள். காத்மாண்டுவில் வங்கதேசத்திடம் 0–3. சாஃபில் இந்தியாவின் முதல் தோல்வி அதுதான். பிறகு அரையிறுதியில் நேபாளத்திடம் 0–1. 2024-லும் அதே ஊர், அதே அரையிறுதி, அதே நேபாளம். 1–1, பெனால்டியில் 2–4. அந்த ஆட்டம் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது வேறு. தோல்வியும் போர்டில் இருக்கட்டும். ஜெயித்த வருடம் மட்டும் தொங்கவிட்டால் அது விளம்பரம்.

2009-க்கும் ஒரு வரி கொடுங்கள். 18 மாதத்துக்கு மேல் சர்வதேச ஆட்டம் ஆடாததால் ஃபிஃபா ரேங்கிங்கிலிருந்தே இந்தியாவை எடுத்துவிட்டார்கள். 2010-ல் சாஃப் கோப்பை வந்தபோது பூட்டானை 18–0 அடித்ததும் இதே அணிதான். அடுத்தடுத்து இந்த இரண்டு வரியைப் பார்த்தாலே, ஆட ஆட்டம் கிடைக்காததுதான் நோய் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அல்சூர்க்காரி:
ரொம்ப நன்றி. 1980-க்கு "இந்தியா எஸ்" என்றே போடுகிறேன். 2018, 2019 ஒலிம்பிக் தகுதிச் சுற்று 20 வரிக்குள் வரத் தகுதியானதா? வீராங்கனைகளில் யார் யார்?

மூணாவது_கம்பம்:
கண்டிப்பாகத் தகுதியானது, நிறைய பேர் விட்டுவிடுகிற வரி அது. 2018 நவம்பர், யாங்கோன்: நேபாளத்தோடு 1–1, வங்கதேசத்தை 7–1, மியான்மரிடம் 1–2. முதல் முறையாக இரண்டாம் சுற்று. 2019 ஏப்ரல், மாண்டலே: இந்தோனேசியா 2–0, நேபாளம் 3–1, கடைசியில் மியான்மரோடு 3–3. மியான்மருக்கும் நமக்கும் புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் போனது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வெளியே வந்தார்கள். அப்போது கோச் மேமோல் ராக்கி. அந்த 3–3-இல் முதல் கோல் சந்தியா ரங்கநாதன், கடலூர் மாவட்டத்துப் பெண். உங்கள் தமிழ் வரியும் இதிலேயே முடிந்துவிடும்.

வீராங்கனைகளுக்கு என் கணக்கில் மூன்று பேர் போதும். 1995-ல் 15 வயதில் தொடங்கி 2016 வரை ஆடிய ஓய்னம் பெம்பெம் தேவி (2020-ல் பத்மஸ்ரீ). 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போன பாலா தேவி. 2021-ல் மனாவுஸில் பிரேசிலுக்கு எதிராக கோல் அடித்த மனிஷா கல்யாண். அந்த ஆட்டம் 1–6, பிரேசிலின் மூத்த வீராங்கனை ஃபோர்மிகாவின் பிரியாவிடை ஆட்டமும் அதுதான். அடுத்த வருடமே மனிஷா ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

தெக்கத்தி_விங்கர்:
தமிழ்ப் பக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம் என்றால், 2022 ஆசியக் கோப்பைக்கான 23 பேரில் தமிழ்நாட்டிலிருந்து ஐந்து பேர் இருந்ததைப் போடுங்கள்: சௌமியா நாராயணசாமி (கோல்கீப்பர்), கார்த்திகா அங்கமுத்து, இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன். இது திடீரென்று வந்ததில்லை. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 ஜெயித்துத் தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனது. மணிப்பூரை இறுதியில் சாய்ப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. 2019-ல் மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை ஜெயித்தது, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியாணாவை 2–1 வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசிய சாம்பியன்.

நம்ம ஊருக்கு: 2019–20 மகளிர் லீக்கின் கடைசிக் கட்டம் முழுக்க அசோக் நகர் பெங்களூரு ஃபுட்பால் ஸ்டேடியத்தில்தான் நடந்தது. 2020 பிப்ரவரி 14, இறுதியில் கோகுலம் கேரளா 3–2 மணிப்பூர் கிளப் கிரிப்சா. தேசிய அணிதான் வேண்டும் என்றால், 2024 டிசம்பர் 30, பெங்களூரு படுகோன்-திராவிட் விளையாட்டு மையம், மாலத்தீவு 14–0. மூன்று நாள் கழித்து அதே இடத்தில் 11–1. லீக் வரியையும் தேசிய அணி வரியையும் ஒரே நிறத்தில் போடாதீர்கள், கிளப்பையும் நாட்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.

பழைய_ஸ்கோர்ஷீட்:
அச்சுக்கு அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை சில. எல்லா ஸ்கோரிலும் இந்தியாவின் கோலே முதலில் வரட்டும். செய்தித்தாள் ஜெயித்த அணியை முன்னால் போடும், அதிலிருந்து அப்படியே எடுத்தால் தோல்வி எல்லாம் வெற்றியாக மாறிவிடும். வருடத்துக்குப் பக்கத்தில் ஊர் கட்டாயம். 1980-களின் வரிகளுக்கு "தைவான்" என்றும் இப்போதைய வரிகளுக்கு "சீன தைபே" என்றும் கலந்து எழுதினால் பிள்ளைகள் இரண்டு நாடு என்று நினைப்பார்கள், ஒன்றையே கடைசி வரை வையுங்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2022-ல் இந்தியாவில் நடந்ததை (அமெரிக்கா 0–8, மொராக்கோ 0–3, பிரேசில் 0–5) சீனியர் அணி வரிசையில் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஓரத்தில் தனிக் கட்டமாக.

கடைசி வரி 2025 ஜூலை 5, சியாங் மாய், தாய்லாந்து 2–1, இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர், கோச் கிறிஸ்பின் சேத்ரி. அதற்கு முன் அதே குரூப்பில் மங்கோலியா 13–0, திமோர் லெஸ்தே 4–0, ஈராக் 5–0. தாய்லாந்தும் நம்மைப் போலவே மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து, அதே கோல் வித்தியாசத்தோடு வந்து நின்றது. அதனால் அது நேருக்கு நேர் இறுதி மாதிரிதான். அடைப்புக்குள் "1983 இறுதியில் நம்மை வென்ற அதே தாய்லாந்து" என்று சேர்க்க இடம் இருந்தால் சேருங்கள்.

அல்சூர்க்காரி:
இடம் இருக்கிறது, சாஃபை ஒரே வரியாக்கியதில் நான்கு வரி மிச்சம். 2009-ஐச் சிவப்பில் போடுகிறேன்.